ஆப்பிரிக்க ஊழியப் பயணம்: பழைய துணி கொண்டு போகலாமா?

கேள்வி, ஜனவரி 12, 2025

எங்கள் சபை வாலிபர் கூட்டத்திலிருந்து 8 பேர் ஜூலையில் 14 நாள் ஊழியப் பயணமாக ஜாம்பியா போகிறோம். கிராமப் பகுதிதான். பழைய துணி சேர்க்கிறோம், 200 கிலோ வரை வரும்போல. அங்குள்ள ஆலயத்துக்கு வெள்ளையடித்துக் கொடுக்கவும் எண்ணம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், வேறு என்ன கொண்டு போகலாம்?

ஜனவரி 12, இரவு

துணி வேண்டாம் தம்பி. ஜாம்பியாவில் எந்தச் சந்தைக்குப் போனாலும் பழைய துணி குவிந்து கிடக்கும். மேல்நாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பலில் வருவது. ‘சலாவுலா’ என்பார்கள், குவியலைக் கிளறிப் பொறுக்குவது என்று பொருள். அதை விற்றுப் பிழைக்கும் பெண்கள் ஏராளம். நீங்கள் 200 கிலோவைச் சும்மா கொடுத்தால் அந்த வாரம் அவர்களிடம் யார் வாங்குவார்கள்? வெள்ளையடிப்பதைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 13

நான் யார் என்று சொல்லாமலே எழுதிவிட்டேன். திருநெல்வேலிப் பக்கம். ஊராட்சி ஒன்றியத்தில் 31 வருடம் அடிபம்பு மெக்கானிக். இப்போது ஓய்வு. 2024 ஆகஸ்டில் எங்கள் சபையிலிருந்து 6 பேர் 3 வாரம் செரென்ஜே மாவட்டத்துக்குப் போனோம். லுசாக்காவில் இறங்கி வடக்கே போகும் பெருஞ்சாலையில் சுமார் 400 கிலோமீட்டர். வழியெல்லாம் தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்குத் தாமிரம் ஏற்றிப்போகும் லாரிகள், ஓரத்தில் விற்பனைக்கு அடுக்கிய கரிமூட்டைகள். அப்புறம் மண்பாதை.

அந்த வருடம் அங்கே மழை பொய்த்துவிட்டது. மக்காச்சோளம் கதிர் பிடிக்காமலே கருகி, பிப்ரவரி 29 அன்று குடியரசுத் தலைவர் ஹிச்சிலேமா தேசியப் பேரிடர் என்று அறிவித்திருந்தார். நாங்கள் போனபோது அறுவடை முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, பல வீடுகளில் குதிர் பாதிகூட இல்லை. இருந்தும் எங்களுக்குத் தினமும் ஒரு கோழி அடித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது, அவர்கள் மனது புண்படும். சாப்பிடவும் தொண்டையில் இறங்காது.

வீடுகள் சுட்ட செங்கல்லில் கட்டியவை. கரையான் புற்று மண்ணை எடுத்துத் தாங்களே அறுத்துச் சுட்டுக்கொள்கிறார்கள். கூரை புல். விடிந்ததும் முதல் சத்தம் வாசல் பெருக்கும் சத்தம்தான். வாசலில் ஒரு இலை கிடக்காது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேச நாலு பக்கமும் திறந்த ஒரு கூரை உண்டு, ‘இன்சாகா’ என்று பெயர். நம் ஊர்ச் சாவடியைப் பார்த்ததுபோல இருந்தது.

வெள்ளையடிப்பு: நாங்களும் அடித்தோம். எங்களில் ஒருவருக்கும் அந்த வேலை தெரியாது. அந்த ஊர்ப் பையன்கள் 20 பேர் கையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றார்கள். அதில் ஒருவர் கொத்தனார். மறுநாள் காலையில் அவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் வந்து, நாங்கள் அடித்திருந்த கீழ்ச்சுவரை மறுபடி அடித்துவிட்டுப் போனார். சுண்ணாம்பு வாங்கிய பணத்தோடு அவருக்கு நாலு நாள் கூலியும் கொடுத்திருந்தால் சுவரும் நன்றாக இருந்திருக்கும், அவர் வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்கும்.

எனக்கு மட்டும் ஒரு வேலை சரியாக அமைந்தது. ஊர் நடுவில் ஒரு அடிபம்பு பல மாதமாக ஓடாமல் நின்றது. கிட்டே போனதும் தெரிந்துவிட்டது, நம்ம இந்தியா மார்க் 2. இரண்டு நாளில் பைப்பை எல்லாம் தூக்கி, சிலிண்டரைப் பிரித்து, கையோடு கொண்டு போயிருந்த வாஷரைப் போட்டு இறக்கினோம். தண்ணீர் கொட்டியதும் பெண்கள் குலவையிட்டார்கள், அப்படியே நம் கோயில்கொடைக் குலவை. அந்த ஒரு பம்பை ஓடவைத்துவிட்டு வந்தோம் என்ற நிறைவு இன்றைக்கும் இருக்கிறது.

ஜனவரி 15

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். கவலையே வேண்டாம். மக்காச்சோள மாவில் கிண்டிய கெட்டிக் களி, பெம்பா மொழியில் ‘உப்வாலி’, நகரத்தில் ‘இன்ஷிமா’. சாப்பிடுமுன் வீட்டுப் பிள்ளை ஒன்று செம்பும் தட்டமும் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் கைக்கு நீர் ஊற்றும். வலது கையால் உருட்டி, கட்டை விரலால் குழி செய்து, கீரையைத் தொட்டு வாயில் போட வேண்டும். நிலக்கடலையை இடித்துப் போட்ட கீரை ஒன்று செய்கிறார்கள், ‘இஃபிசாஷி’. ஊருக்கு வந்து வீட்டில் செய்யச் சொல்லி இரண்டு முறை சாப்பிட்டாயிற்று. ‘கபெண்டா’ என்ற காய்ந்த மீன் நம்ம நெத்திலிக் கருவாட்டுக்குத் தம்பி. காய்ந்த புழுவும் வரும், வறுத்தால் மொறுமொறுப்பு. நான் தின்றேன். பிடிக்காதவர்கள் தட்டில் எடுக்காமல் இருந்தால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

கேழ்வரகும் உண்டு. காட்டில் கிளைகளை வெட்டிக் குவித்து, மழைக்கு முன் எரித்து, அந்தச் சாம்பலில் விதைக்கிறார்கள். ‘சித்தெமெனே’ என்பார்கள். நம்ம கேழ்வரகு அவ்வளவு தூரம் போயிருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஜனவரி 16

மேலே எழுதியதில் திருத்தம். விவசாயக் கல்லூரியில் படிக்கும் என் பேரன் வாசித்துவிட்டுச் சொன்னான்: கேழ்வரகு இங்கிருந்து அங்கே போகவில்லை. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில் பயிராகி, ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் அங்கிருந்து நமக்கு வந்தது. அப்படியானால் நாம் தலைமுறை தலைமுறையாகக் குடித்த கூழ் அவர்கள் கொடுத்த தானியம். இதை அங்கே இருந்தபோதே தெரிந்திருந்தால் அந்த இன்சாகாவில் உட்கார்ந்து சொல்லியிருப்பேன்.

ஜனவரி 19

“அங்குள்ளவர்களுக்குச் சுவிசேஷம் சொன்னீர்களா” என்று ஒருவர் கேட்கிறார். ஐயா, ஜாம்பியா 1991லேயே தன்னைக் கிறிஸ்தவ நாடு என்று அறிவித்துக்கொண்டது. அந்த ஊரில் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவர்கள். நாங்கள் போனது ஜாம்பியா ஐக்கிய சபை, 1965ல் பல மிஷன் சபைகள் ஒன்றுசேர்ந்து உண்டானது, 1947ல் நம் தென்னிந்தியத் திருச்சபை உண்டான மாதிரியே. ஞாயிறு ஆராதனை மூன்று மணி நேரம். பாட்டு நாலு குரலில் பிரிந்து ஏறும், கையில் புத்தகம் கிடையாது. காணிக்கை நேரத்தில் ஒரு மூதாட்டி ஒரு சிறு தட்டம் மக்காச்சோளத்தைத் தலையில் வைத்து ஆடிக்கொண்டே பீடத்துக்கு வந்தார். பஞ்ச வருடம் அது. எங்கள் ஊர் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வாழைத்தார் ஆயிரக்கணக்கில் போகும்போது இனி எனக்கு அந்தத் தட்டம்தான் நினைவில் வரும். அங்கே போய்ப் பிரசங்கம் செய்யத்தான் வேண்டும் என்றால் சுருக்கமாகச் செய்யுங்கள். அவர்களைப் பேசச் சொல்லிக் கேளுங்கள்.

ஜனவரி 22

இந்தியா மார்க் 2 அங்கே எப்படிப் போனது என்று இரண்டு பேர் கேட்டார்கள். இது எனக்குப் பிடித்த கதை. 1960களின் கடைசியில் இந்தியாவில் வந்த பஞ்சத்துக்குப் பிறகு கடினப் பாறையில் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு வார்ப்பிரும்பு பம்பு வைத்தார்கள். அது குடும்பத்துக்குச் செய்த பம்பு, ஊரே அடித்தால் தாங்குமா? மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் ஊர்களில் மிஷன் ஆட்களும் மெக்கானிக்குகளும் சேர்ந்து உறுதியான பம்பு செய்து பார்த்தார்கள். அந்த வழியில் யுனிசெப் துணையோடு வந்ததுதான் மார்க் 2. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆழமான போர்களில் சோதித்தார்கள். 1970களின் பிற்பகுதியில் சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் தொழிற்சாலையில் தயாரிப்பு தொடங்கியது. பிறகு ஆப்பிரிக்கா முழுக்கப் போனது. வேலை கற்றுக்கொண்ட நாளில் என் கையில் இருந்த அதே செயின், அதே பேரிங். அந்த ஊரில் மூடியைத் திறந்தபோது என் கண் கலங்கிவிட்டது.

ஜனவரி 30

சிரிக்க ஒன்று. எங்கள் டிரைவர் கிழக்கு மாகாணத்துக்காரர், ங்கோனி. எங்களுக்குச் சமைத்துப் போட்ட வீட்டுக்காரர் பெம்பா. இரண்டு பேரும் பார்த்த முதல் நிமிடத்திலிருந்து ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருந்தார்கள். “எலி தின்கிறவனுக்கு எதற்குக் கோழி?” என்பார் இவர். “குரங்கு தின்கிறவன் சமைத்ததை யார் நம்பிச் சாப்பிடுவது?” என்பார் அவர். சண்டை என்று நாங்கள் பயந்துபோனோம். அப்புறம்தான் தெரிந்தது, அந்த இரண்டு இனமும் ஒரு காலத்தில் போரிட்டவை, இப்போது கேலி முறை. சாவு வீட்டில்கூட இந்தக் கேலி உண்டாம். மாமன் மச்சான் முறை வைத்துப் பேசும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். பெம்பாக்களில் பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள், தாய்மாமனுக்கு இருக்கும் அதிகாரம் நம் ஊரைவிட அதிகம்.

மரியாதையும் அப்படியே. பெரியவர்களைப் பன்மையில்தான் கூப்பிட வேண்டும். பிள்ளை பெற்றவர்களுக்குப் பிள்ளை பெயரை வைத்து ‘பனா’ இன்னார், ‘பாஷி’ இன்னார், அதாவது இன்னாரின் அம்மா, இன்னாரின் அப்பா. மூன்றாம் நாளிலிருந்து நான் என் மகளின் அப்பாவாகத்தான் அந்த ஊரில் இருந்தேன். “முலி ஷானி”, “நட்டொட்டேலா முக்வாய்” இரண்டையும் ஏறுமுன் படித்துக்கொள்ளுங்கள், நலமா, நன்றி ஐயா. குழித்த உள்ளங்கைகளை மெதுவாகத் தட்டிக்கொண்டு சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 9

மனது சரியில்லை. அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். பம்பு ஓடுகிறது, ஆனால் பெண்கள் பழையபடி ஓடையோரக் குழியில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். 6 மாதம்கூட ஆகவில்லை.

பிப்ரவரி 10

“அறியாமை, சொல்லிப் புரியவைக்க வேண்டும்” என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். நேற்று ராத்திரி எனக்கும் அந்த எண்ணம்தான் முதலில் வந்தது. ஆனால் தூக்கம் வரவில்லை. டைரியை எடுத்துப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 16

டைரியில் ஆகஸ்ட் 17 அன்று நானே எழுதி வைத்திருக்கிறேன்: “பம்புக் குழுப் பொருளாளர் அம்மா, காலைத் தண்ணீர் நன்றாக இருக்காது என்றார். ருசி பழக வேண்டும் என்றேன்.” அவ்வளவுதான். மொழிபெயர்த்த பையன் சுருக்கிச் சொன்னான், நான் அதையும் பாதிதான் காதில் வாங்கியிருக்கிறேன்.

போன வாரம் ஆசிரியர் வழியாக அந்த அம்மாவிடமே பேசினேன். ஒரு மணி நேரம். அவர் சொன்னது இது. விடிகாலையில் முதலில் வருபவர்கள் குடத்தில் சிவப்புத் தண்ணீர்தான் விழும். இருபது குடம் போன பிறகு தெளியும். அதனால் முதலில் போக யாருக்கும் மனமில்லை. அதில் துணி துவைத்தால் பழுப்பேறும். அவரைப் பயறு வேகவைத்தால் கறுத்துப்போகும், பிள்ளைகள் தொடமாட்டார்கள். ஓடைக் குழித் தண்ணீரில் நோய் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும், கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். குடிக்க மட்டும் பம்பில் மத்தியானத்துக்கு மேல் பிடித்து வைக்கிறார்கள், சமையலுக்கும் துவைக்கவும் ஓடை.

31 வருடம் பம்பு பார்த்தவன் நான். அவர் ‘இருபது குடத்துக்குப் பிறகு தெளியும்’ என்றதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நிலத்தடி நீரிலேயே இரும்பு இருந்தால் ஐம்பது குடம் அடித்தாலும் தெளியாது. ராத்திரி முழுக்கப் பைப்புக்குள் நின்ற தண்ணீர் பைப்பைத் தின்கிறது. அந்தப் பகுதியில் பல இடங்களில் தண்ணீர் அமிலத்தன்மை உள்ளது. அமில அளவைச் சொல்லும் பி.எச். 6.5க்குக் கீழே போனால் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போடவே கூடாது. துத்தநாகப் பூச்சு கரைந்து அப்புறம் இரும்பு கரையும். நம் பக்கம் திருச்செந்தூர் கடலோரத்தில் உப்புத் தண்ணீர் பைப்பை அரிப்பதை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அங்கே தண்ணீர் இனிப்பாக இருந்ததால் எனக்கு அந்த யோசனையே வரவில்லை. பைப்பைத் தூக்கியபோது உள்ளே துரு செதில் செதிலாக இருந்தது என் கையிலேயே ஒட்டியது. பழைய பைப் என்று துடைத்துவிட்டு, அதே பைப்பைத் திரும்ப இறக்கினேன்.

அதனால் ஜனவரி 13 அன்று “சரியாக அமைந்தது” என்று எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். வாஷர் தேய்ந்தது ஒரு கோளாறு. பெண்கள் சொன்னதுதான் பெரிய கோளாறு, அதை நான் தொடவே இல்லை.

இன்னொன்றும். பம்பு பல மாதம் நின்றதற்கு ஊர் கவனிக்கவில்லை என்று எங்கள் சபையில் சாட்சி சொல்லும்போது சொன்னேன். அதுவும் தவறு. வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் பிரித்து வைத்திருந்தார்கள், நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பம்பை வைத்துக் கொடுத்த அமைப்பு கிளம்பிப் போய்விட்டது, பக்கத்தில் வாஷர் விற்கும் கடை கிடையாது. அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து இதைத் திருத்திச் சொல்ல அனுமதி கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 18

தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்று பார்க்கும் கொய்யா இலை சோதனையைக் கேட்டவர்களுக்கு: தண்ணீரில் கொய்யா இலையைக் கசக்கிப் போட்டால், இரும்பு இருந்தால் கறுக்கும். கட்டன் சாயா போட்டாலும் அதேதான், மை மாதிரி ஆகும். ஆசிரியர் காலை முதல் குடத்திலும், மதியத் தண்ணீரிலும் சாயா போட்டுப் படம் அனுப்பினார். காலைத் தண்ணீர் கன்னங்கறுப்பு. மதியத் தண்ணீர் பரவாயில்லை.

பிப்ரவரி 24

திருத்திச் சொல்லியாயிற்று. ஆராதனை முடிந்ததும் இரண்டு பெண்கள் வந்து, அங்குள்ள தண்ணீர்ப் பெண்களிடம் நேராகப் பேச முடியுமா என்று கேட்டார்கள். நம்பர் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 2

பம்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். மிஷனரி லிவிங்ஸ்டன் 1873 மே மாதம் இறந்த சித்தம்போ ஊர் செரென்ஜேயிலிருந்து போகும் தூரம்தான், நாங்கள் ஒருநாள் போனோம். அவருடைய இருதயத்தை அங்கே ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். மரம் இன்று இல்லை, நினைவுத்தூண் நிற்கிறது. சூமா, சூசி முதலான ஆப்பிரிக்கத் தோழர்கள் உடலைப் பதப்படுத்திச் சுமந்து மாதக்கணக்கில் நடந்து கடற்கரை சேர்த்தார்கள். அடக்க ஜெபம் வாசித்து, மரத்தில் எழுத்துப் பொறித்தவர் ஜேக்கப் வெயின்ரைட். அடிமை வியாபாரிகளிடமிருந்து மீட்கப்பட்டவர், நம் நாசிக்கில் மிஷன் பள்ளியில் படித்தவர். ஊழிய வரலாறு என்று ஞாயிறு பள்ளியில் நாம் சொல்லிக்கொடுப்பதில் லிவிங்ஸ்டன் மட்டும்தான் இருக்கிறார். நடந்தவர்கள், சுமந்தவர்கள் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மார்ச் 23

அந்தப் பம்பின் துருப்பிடித்த பைப்பை மாற்றும் வேலை நடக்கிறது. பி.வி.சி. பைப்பும் ஸ்டெயின்லெஸ் ராடும் லுசாக்காவிலேயே கிடைக்கின்றன, இங்கிருந்து சுமக்க வேண்டியதில்லை. அந்த ஊர் பிரித்து வைத்த பணம் கொஞ்சம், எங்கள் சபை பெண்கள் ஐக்கியம் மீதி. பொருத்தப்போவது மாவட்டத்து மெக்கானிக் ஒருவர். நான் வருகிறேன் என்றேன். பொருளாளர் அம்மா, டிக்கெட் காசுக்கு இன்னொரு ஊர்ப் பம்பின் பைப்பையும் மாற்றலாமே என்றார். சரி என்று சொன்னேன். போய்ப் பார்க்க ஆசைதான். ஆனாலும் சரி என்று சொன்னேன்.

ஏப்ரல் 6

துணி கேட்ட தம்பிக்கு: துணியை நிறுத்திவிட்டீர்கள் என்று படித்தேன், நல்லது. மிட்டாய் பாக்கெட்டும் வேண்டாம், பிள்ளைகள் அடித்துக்கொள்ளும். படம் எடுக்குமுன் தாயிடம் கேளுங்கள். கேட்டால் உள்ளே போய் நல்ல சித்தெங்கே துணி கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். கிழிந்த உடுப்போடு அவர்களை அறியாமல் எடுத்த படத்தைச் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். எங்கள் குழு ஒட்டியது, நான் எடுத்துவிட்டேன்.

உங்களில் எலக்ட்ரீஷியன் ஒருவரும் நர்ஸ் ஒருவரும் இருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். அவர்கள் அங்குள்ள எலக்ட்ரீஷியன், அங்குள்ள நர்ஸ் கூடவே அந்த 14 நாளும் சுற்றட்டும். மொழிபெயர்ப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், சுருக்காமல் முழுதாகச் சொல்லும்படி. இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன்.

மே 18

பைப் இறக்கியாயிற்று, போன புதன். பழைய பைப்பில் ஒரு துண்டை அறுத்துப் படம் அனுப்பினார்கள். விரலால் அழுத்தினாலே உடைகிறது.

ஜூன் 29

தம்பி, நல்லபடியாகப் போய் வாருங்கள். செரென்ஜே வழியாகப் போனால் ஆசிரியர் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். தான்சானியா போகும் தான்சாம் ரயிலில் போக நேர்ந்தால் நேரத்தை நம்பாதீர்கள், 1,860 கிலோமீட்டர் வண்டி அது, கையில் தண்ணீரும் ரொட்டியும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை பொருளாளர் அம்மா அனுப்பிய படம் வந்தது. விடிகாலை முதல் குடத்துத் தண்ணீரில் வேகவைத்த அவரைப் பயறு, பக்கத்தில் ஒரு டம்ளர் சாயா. பயறு கறுக்கவில்லை. சாயா செம்பழுப்பாக, அடித்தட்டு தெரிகிற மாதிரி இருக்கிறது. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: இப்போது எல்லோரும் முதலில் வரச் சண்டை போடுகிறார்கள்.